தத்தன் தாழ்த்திய வாள்

2025 மே 8 விடியற்காலையில் அமிர்தசரஸை நோக்கிப் பாகிஸ்தானிலிருந்து ட்ரோன்களும் ஏவுகணைகளும் வந்தன; அவற்றின் இலக்குகளில் பொற்கோயிலும் ஒன்று; வந்தவை எல்லாவற்றையும் வழியிலேயே வீழ்த்திவிட்டோம் என்று இந்திய ராணுவம் அறிவித்தது. பொற்கோயிலைத் தாங்கள் குறிவைக்கவில்லை என்று பாகிஸ்தான் மறுத்தது. சில நாட்கள் கழித்து, அந்த இரவில் வேலை செய்த எல்-70 விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை ராணுவம் செய்தியாளர்களுக்குக் காட்டியது. அதன் பிறகுதான் சர்ச்சை கிளம்பியது. பொற்கோயில் வளாகத்தில் துப்பாக்கிகளை நிறுத்த அதன் தலைமை கிரந்தி, அதாவது தலைமைச் சமயகுரு, இசைவு தந்ததாக ராணுவ வான்பாதுகாப்புப் பிரிவின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் சுமேர் இவான் டி குன்ஹா ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். தலைமை கிரந்தி மறுத்தார். கோயிலை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியும் மறுத்தது. இருட்டடிப்புக்காக வெளிவிளக்குகளை அணைத்ததுண்டு, வழிபாட்டு முறை எதையும் நிறுத்தவில்லை, துப்பாக்கி எதுவும் உள்ளே வரவில்லை என்றது கமிட்டி. மே 20 அன்று ராணுவமும் அதையே உறுதி செய்தது: வளாகத்துக்குள் எந்த வான்பாதுகாப்புக் கருவியும் நிறுத்தப்படவில்லை.

செய்தி அத்தோடு ஓய்ந்தது. அது எழுப்பிய கேள்விகள் ஓயவில்லை. கோயிலைக் காக்க வரும் துப்பாக்கி கோயிலுக்குள் நிற்கலாமா? கடவுளின் வீட்டுக்கு மனிதன் ஆயுதக் காவல் போடுவது பக்தியா, நம்பிக்கைக் குறைவா? தன் தோழர்களின் தலைக்கு மேல் வரும் விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிறவன் கொலைகாரனா, காவல்காரனா?

இவற்றைத் தமிழில் கேட்க வேண்டுமானால் அதற்குரிய ஊர் திருக்கோவிலூர். தென்பெண்ணைக் கரையில் உள்ள இந்த ஊரில் போரும் பக்தியும் சேர்ந்தே நினைவுகூரப்படுகின்றன. சிவனின் எட்டு வீரச்செயல்களுக்குரிய அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அந்தகாசுரனைச் சிவன் சூலத்தில் குத்திய இடம் என்கிறது தலபுராணம். உலகளந்த பெருமாள் ஒரு காலை வானத்துக்குத் தூக்கி நிற்கிறார். ஆற்று நடுவே கபிலர் குன்று. மூவேந்தரின் போரில் பாரியை இழந்த புலவர் உயிர் துறந்த இடமாக ஊர் அதைப் போற்றுகிறது. சங்க காலத்தில் இது மலையமான்களின் நாடு. அந்தக் குலத்துப் பிள்ளைகளை யானையின் காலில் இடறவிடக் கிள்ளிவளவன் ஆணையிட்டபோது, கோவூர்கிழார் குறுக்கே நின்று சொல்லால் காப்பாற்றிய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட நம் கேள்விக்கு நெருக்கமானது இவ்வூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் கதை. அதற்குப் போகுமுன் அந்தத் துப்பாக்கி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஆயுதத்தின் வேலை தெரியாமல் அதன் அறத்தைப் பேசுவது வீண்.

உயரத்தில் பறக்கும் குண்டுவீச்சு விமானத்துக்குப் பெரிய பீரங்கி வேண்டும். சாலையில் நகரும் படையை, பாலத்தைக் கடக்கும் லாரி வரிசையை, பதுங்குகுழியில் கிடக்கும் காலாட்படையைத் தாக்க வரும் விமானமோ தாழ்ந்து, வேகமாக வரும். அது கண்ணில் பட்டு மறையச் சில நொடிகளே ஆகும். கனத்த பீரங்கி திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த இடைவெளிக்காகப் பிறந்தவை இலகு ரகத் துப்பாக்கிகள். சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனம் 1930களில் உருவாக்கிய 40 மி.மீ. துப்பாக்கியும், சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் 20 மி.மீ. துப்பாக்கியும் இரண்டாம் உலகப் போரில் இரு தரப்பிலும் இருந்தன. இரண்டுமே போரில் சேராத நாடுகளில் பிறந்தவை. அதே போஃபர்ஸ் மரபின் அடுத்த தலைமுறைதான் எல்-70. 1960களில் இந்தியாவுக்கு வந்தது. நிமிடத்துக்குச் சுமார் 300 குண்டுகள் வரை சுடும். ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வரை எட்டும். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதற்குப் புதிய கண்களைப் பொருத்தி, இலக்கைத் தானே பின்தொடரும்படி செய்தது. கூடவே சோவியத் காலத்து இரட்டைக் குழல் இசட்.யு.-23. ஏவுகணை யுகத்தில் பழம்பொருள் என்று ஒதுக்கப்பட இருந்த இவை, மலிவான ட்ரோன்கள் கூட்டமாக வரத் தொடங்கியதும் மறுபடி முன்வரிசைக்கு வந்துவிட்டன. சில ஆயிரங்களில் செய்த ட்ரோனுக்குக் கோடி ரூபாய் ஏவுகணையைத் தொடர்ந்து செலவிட எந்த நாட்டாலும் முடியாது.

இந்தத் துப்பாக்கியின் வெற்றியை அளப்பது எப்படி? இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இது ஒரு நிர்வாகச் சிக்கலாகவே வந்தது. மத்தியதரைக் கடலில் சரக்குக் கப்பல்களுக்கு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் அவற்றைச் சுடும் ஆட்களும் தரப்பட்டிருந்தார்கள். கணக்கெடுத்துப் பார்த்ததில் தாக்க வந்த விமானங்களில் 4 சதவீதமே வீழ்ந்திருந்தன. இத்தனை செலவுக்கு இதுதானா பலன், கழற்றி வேறிடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆய்வாளர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். தாக்கப்பட்ட கப்பல்களில் எத்தனை மூழ்கின? துப்பாக்கி சுட்ட கப்பல்களில் 10 சதவீதம். துப்பாக்கி சுடாதவற்றில் 25 சதவீதம். விமானம் விழாவிட்டாலும் விமானியின் கை தடுமாறியிருந்தது. குண்டு கடலில் விழுந்திருந்தது. துப்பாக்கிகள் கப்பல்களிலேயே இருந்தன.

இந்தக் கணக்கு வெறும் ராணுவக் கணக்கு என்று தோன்றவில்லை. எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்டால் காவலாளி தோற்றவன். எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று கேட்டால் வென்றவன். அறத்தின் தராசில் முதல் கேள்வியை வைப்பதா, இரண்டாவதை வைப்பதா என்பதில்தான் இந்தத் தொழிலின் பாவ புண்ணியம் இருக்கிறது.

இப்போது மெய்ப்பொருளாரிடம் வரலாம். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை இது. திருக்கோவிலூர் அரசரைப் போரில் வெல்ல முடியாமல் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக்கட்டு ஒன்றைச் சுமந்து அடியார் வேடத்தில் வந்தான். சுவடிக்குள் கத்தி. வாயிற்காவலர்கள் அடியார் என்று நம்பி வணங்கி வழிவிட்டார்கள். கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், சமயம் பார்த்துப் போங்கள் என்றான். வந்தவன் கேட்கவில்லை. எங்கும் இல்லாத ஆகமம் கொண்டுவந்திருக்கிறேன், தனியாகத்தான் சொல்வேன் என்றான். அரசர் தேவியை அனுப்பிவிட்டு, அவனை உயரத்தில் அமர்த்தித் தான் கீழே அமர்ந்தார். அவன் கட்டை அவிழ்த்தான், குத்தினான். அவன் உள்ளே போனதிலிருந்தே மனத்தை அங்கேயே வைத்திருந்த தத்தன் கணத்தில் பாய்ந்து வாளை ஓங்கினான். சரிந்துகொண்டிருந்த அரசர் கையால் தடுத்தார். இவர் நம்மவர் என்றார். அதோடு நிற்கவில்லை, இவருக்கு எவரும் தீங்கு செய்யாமல் ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டு வா என்றும் ஆணையிட்டார். சேதி பரவி ஊரே திரண்டு கொலைகாரனைச் சூழ்ந்தது. தத்தன் அரசரின் ஆணையைச் சொல்லி ஒவ்வொருவரையும் விலக்கி, தன் தலைவனைக் குத்தியவனுக்குத் தானே காவலாக நடந்தான். திரும்பி வந்து சொன்னான். அதைக் கேட்ட பிறகே அரசரின் உயிர் பிரிந்தது.

இந்தக் கதையைப் பொதுவாக மன்னிப்பின் உச்சமாகச் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. திருநீறு ஓர் அடையாளம். அதை அணிந்தவர் ஆயுதமற்றவர், அடியார், எந்த வாயிலிலும் தடையில்லாதவர் என்பது ஊரின் ஒப்பந்தம். முத்தநாதன் திருடியது அந்த ஒப்பந்தத்தை. அங்கே தத்தனின் வாள் விழுந்திருந்தால், மறுநாளிலிருந்து திருக்கோவிலூருக்கு வரும் ஒவ்வொரு அடியாரின் சுவடிக்கட்டையும் காவலர்கள் அவிழ்த்துப் பார்த்திருப்பார்கள். ஒருவனின் வஞ்சகம் எல்லோருடைய நம்பிக்கையையும் தின்றிருக்கும். மெய்ப்பொருளார் தன் உயிரை விட்டு அந்த அடையாளத்தைக் காத்தார். கடைசி மூச்சில் தன்னைச் சூழ்ந்தவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டதும் திருநீற்றின் மேல் வைத்த அன்பைக் குறையாமல் காக்கும்படித்தான்.

இன்றைய போர்ச் சட்டம் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. செஞ்சிலுவைச் சின்னத்தை அணிந்துகொண்டு எதிரியைக் கொல்வது வஞ்சகம் என்று தடுக்கப்பட்டிருக்கிறது. கொல்லப்பட்டவர் ஒருவரே ஆனாலும், அதற்குப் பிறகு எந்த ஆம்புலன்ஸையும் எவரும் நம்பமாட்டார்கள் என்பதால். 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. போரில் அழிவுக்கு ஆளாக்கக்கூடிய எந்த வேலைக்கும் பண்பாட்டுச் சின்னங்களைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. கோபுரத்தின் மேல் ஒரு துப்பாக்கியை ஏற்றினால், அந்தக் கோபுரத்தைத் தாக்க எதிரிக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

ஆகவே பொற்கோயில் விஷயத்தில் ராணுவம் கடைசியாகச் சொன்னதும் கிரந்தி முதலில் சொன்னதும் ஒரே உண்மையைக் காப்பவை. துப்பாக்கி வெளியே நிற்க வேண்டும். கோயிலுக்குள் வைத்த துப்பாக்கி, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்டாலும், சுவடிக்குள் வைத்த கத்தியின் வேலையைத்தான் செய்யும். உலகின் ஒவ்வொரு கோயிலையும் மசூதியையும் தேவாலயத்தையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

அப்படியானால் வெளியே நிற்கிறவனும் மெய்ப்பொருளாரைப் போல வாளைத் தாழ்த்திவிட வேண்டுமா? இங்கே பலர் தடுமாறுகிறார்கள், தடுமாறத் தேவையில்லை. அரசர் விட்டுக்கொடுத்தது தன் உயிரை. அது அவருடையது. காலாட்படை ஒன்றின் தலைக்கு மேல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் துப்பாக்கிக்காரனிடம் இருப்பது மற்றவர்களின் உயிர். அதைத் தானமாகக் கொடுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. பிறருடைய உயிரைப் பணயம் வைத்துத் தான் பெருந்தன்மை காட்டுவது மன்னிப்பில் சேராது. வள்ளுவரும் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்தார், படையின் சிறப்பைப் பொருட்பாலில் வைத்தார். இரண்டையும் ஒரே ஆசிரியர் ஒரே நூலில் எழுதியதில் முரண் இருப்பதாகத் தெரியவில்லை. படைச்செருக்கு அதிகாரத்திலேயே, பகைவனுக்கு இடர் வந்தபோது அவனுக்கு உதவுவது வீரத்தின் கூர்மை என்றும் சொல்லி வைத்திருக்கிறார்.

சமணம் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரின் குன்றில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு 1981இல் கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழியைப் பற்றியது அது. பாழி என்பது துறவியர் தங்கும் இடம். இதே அதியமான் கோவலூரை, அதாவது திருக்கோவிலூரை, போரிட்டு வென்றதை அவ்வையார் பாடியிருக்கிறார். ஊரை வென்ற கை அதன் பக்கத்திலேயே எறும்புக்கும் தீங்கு நினைக்காத துறவிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. சமணத் துறவிக்கு எந்த நிலையிலும் இம்சை கூடாது. இல்லறத்தானுக்கோ நான்கு வகை இம்சைகளைப் பிரித்துச் சொல்வார்கள். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையை அவன் அறவே விட வேண்டும். சமையலிலும் தொழிலிலும் நேர்வனவும், தாக்குபவனைத் தடுக்கும்போது நேரும் விரோதி இம்சையும் அவனால் முற்றாகத் தவிர்க்க முடியாதவை, குறைத்துக்கொள்ள வேண்டியவை. விமான எதிர்ப்புத் துப்பாக்கியின் இடம் இந்த நான்காவதில். பாவமே இல்லை என்று அந்த மதம் சொல்லவில்லை. தவிர்க்க முடியாதது, ஆனாலும் கணக்கில் ஏறும் என்கிறது. போரைப் பற்றி இதைவிட நேர்மையான பேச்சு குறைவு.

காவலே இல்லாத வானம் எப்படி இருக்கும் என்பதை ஈழத்தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டி, விமான இரைச்சல் கேட்டால் பிள்ளைகளோடு உள்ளே இறங்கிய தலைமுறை அது. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்தில் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் இடம்பெயர்ந்து வந்த மக்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். இலங்கை விமானப்படையின் குண்டுகள் அங்கே விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவாலயம் என்ற அடையாளத்தை நம்பி வந்தவர்கள் அவர்கள். அங்கே ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா என்று கேட்பதில் பயனில்லை. அந்த அடையாளத்தை மதித்து விமானத்தைத் திருப்பியிருக்க வேண்டியவர் மேலே இருந்தார். கீழே நிற்கும் காவலனுக்குக் கேட்கும் கேள்விகள் மேலே இருப்பவனுக்கும் உரியவை. முதலில் அவனுக்கே உரியவை.

கீழே நிற்பவனுக்கு வரும் பெரிய சோதனை பயம். 1943 ஜூலை 11 இரவு சிசிலித் தீவில் அமெரிக்கப் படைகள் கரையிறங்கியிருந்தன. ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிவிட்டுப் போன சிறிது நேரத்தில், 144 போக்குவரத்து விமானங்கள் பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. நம் விமானங்கள் வரும், சுடாதீர்கள் என்று சொல்லியிருந்தும் ஒரு துப்பாக்கி வெடித்தது. உடனே எல்லாத் துப்பாக்கிகளும் வெடித்தன. 23 விமானங்கள் தங்கள் சொந்தப் படையாலேயே வீழ்த்தப்பட்டன. நம் நாட்டிலும், 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் இந்திய ஏவுகணை இந்திய ஹெலிகாப்டர் ஒன்றை வீழ்த்தியது. அதில் இருந்த 6 விமானப்படையினரும் தரையில் இருந்த பொதுமக்களில் ஒருவரும் இறந்தனர். அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே ஒப்புக்கொண்டார்.

சுடும் திறமையைப் போலவே சுடாமல் நிற்கும் திறமையும் பயிற்சியால் வருவது. பறக்கும் கோட்டைகளைச் சிவன் எரித்த திரிபுரக் கதையிலும் இது உண்டு. அதற்குரிய வீரட்டம் பண்ருட்டி அருகே திருவதிகை. மூன்று கோட்டைகளும் ஒரே கணத்தில் சாம்பலாகும்போதும் உள்ளே இருந்த அடியார் மூவர் பிழைத்தார்கள், இருவர் கோயில் வாயிலில் காவலரானார்கள், ஒருவர் முழவு வாசித்தார் என்று சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் பாடுகிறார். அந்த நெருப்பிலும் நம்மவர் யார் என்று பார்க்கக் கண் இருந்தது.

அந்தகாசுரன் கதையோ எச்சரிக்கை. அவன் ரத்தத்தின் ஒவ்வொரு துளியிலிருந்தும் இன்னோர் அசுரன் எழுந்தான் என்பார்கள். வான்பாதுகாப்பின் வரலாறும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஏவுகணைக்குப் பயந்து விமானங்கள் தாழ்ந்தன. 1973 அரபு-இஸ்ரேல் போரில் அப்படித் தாழ்ந்த இஸ்ரேலிய விமானங்களைச் சோவியத் தயாரிப்பான ஷில்கா விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் பிடித்துக்கொண்டன. பிறகு விமானி இல்லாத ட்ரோன்கள் வந்தன. ஒவ்வொரு காவலும் அடுத்த ஆயுதத்துக்குக் காரணமாகிறது. அதற்காகக் காவலை விட்டுவிட முடியாது. காவல் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. பகையின் வேரைத் தேடிப் போகும் வேலை துப்பாக்கிக்காரனுடையதல்ல, அவனை அங்கே நிறுத்தியவர்களுடையது.

அப்படி நிறுத்தியவர்கள் முன் இப்போது ஒரு புதிய முடிவு இருக்கிறது. ட்ரோன் கூட்டம் வந்தால் மனிதனுக்கு யோசிக்க நேரமில்லை, துப்பாக்கியே பார்த்து, தீர்மானித்து, சுட்டுவிடட்டும் என்ற வாதம் வலுத்து வருகிறது. 2007 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் லோகட்லா பயிற்சிக்களத்தில் கணினியோடு இணைந்த ஓர்லிக்கான் 35 மி.மீ. இரட்டைக் குழல் விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்று கோளாறாகித் தன் படையினர் மீதே சுட்டது. 9 பேர் இறந்தார்கள், 14 பேர் காயமடைந்தார்கள். அதனிடம் நிறுத்து என்று சொல்ல நேரமும் இல்லை, சொன்னால் கேட்கச் செவியும் இல்லை. தானாகத் தீர்மானிக்கும் ஆயுதங்களைப் பற்றி ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் பேசிவருகின்றன. 2023இல் ஐ.நா. பொதுச்சபையில் இதுகுறித்து வந்த தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஜெனீவா அரங்கிலேயே இதைப் பேச வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. எந்த அரங்கில் பேசினாலும், விசையின் மேல் விரல் வைத்திருப்பவன் ஆணையைக் கேட்டு வாளைத் தாழ்த்தக் கூடிய மனிதனாகவே இருக்க வேண்டும் என்று சைவமும் வைணவமும் சமணமும் சீக்கியமும் இஸ்லாமும் கிறித்தவமும் தங்கள் அரசுகளிடம் உரக்கச் சொல்ல வேண்டிய காலம் இது. ஆதீனங்களும் மடங்களும் இதுவரை இதைப் பேசவில்லை என்றால், திருக்கோவிலூரிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.